ஒரு ராத்திரியை நாடகத்துக்கு விடுங்கள்

இந்தப் பொங்கலுக்கும் எங்கள் ஊர் விழாக் கமிட்டியார் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். பாட்டுக் கச்சேரி மேல் எனக்குக் கோபம் கிடையாது. விழா நடக்கும் மூன்று ராத்திரியில் ஒன்றை ஊர்ப் பிள்ளைகள் போடும் நாடகத்துக்கு விடுங்கள் என்றுதான் கேட்டேன். "இப்ப யாருப்பா நாடகம் பாக்குறா?" என்று முடித்துவிட்டார்கள்.

பார்க்கிறவர்களை விடுங்கள், நடிக்கிறவர்களுக்கு அது என்னவாக இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். முன்பெல்லாம் பொங்கல் நாடகத்துக்குக் கார்த்திகை பிறந்ததும் ஒத்திகை தொடங்கிவிடும். கொத்தனார் வேலை முடித்து வந்தவர், மளிகைக் கடையைச் சாத்திவிட்டு வந்தவர், காலேஜ் போகிற பையன் என்று எல்லோரும் ராத்திரி பள்ளிக்கூட வராண்டாவில் கூடுவார்கள். அவரவர் வசனத்தை அவரவர் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுப்பார். அரங்கேறும் அன்று வசனம் எடுத்துக் கொடுக்கப் படுதாவுக்குப் பின்னால் ஆள் இருந்தாலும், அந்த எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒரு வரிகூட விட மாட்டார்.

அன்பளிப்பு என்று ஒன்று உண்டு. வில்லன் கத்தியை ஓங்குவான். சரியாக அந்த நேரத்தில் மைக்கில், "வில்லனாகச் சிறப்பாக நடித்துக்கொண்டிருக்கும் என் மச்சானுக்கு அன்புடன் பத்து ரூபாய்" என்று அறிவிப்பு வரும். கொடுப்பவர் மேடையேறி, நோட்டை வில்லன் சட்டையில் ஊக்கால் குத்திவிட்டு இறங்குவார். ஓங்கிய கை அதுவரை அப்படியே நிற்கும். மைக் செட், சீன் படுதா வாடகை, அரிதாரம் போடுபவருக்குச் சம்பளம் எல்லாம் அந்த நோட்டுகளில்தான் அடைபட்டது.

வேறு தொழில் செய்துகொண்டே நடிப்பது நம்மிடம் புதிதில்லை. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது, நாடகக்காரன் என்றாலே மதிப்பில்லாத காலம். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அங்கே வேஷம் கட்டினார்கள். பம்மலே வக்கீல், பிறகு நீதிபதி. திராவிட இயக்கம் நாடகத்தைக் கையில் எடுத்தபோது, சாதியையும் மூடநம்பிக்கையையும் கேள்வி கேட்கும் வசனம் கிராமத்து மேடைக்கும் வந்தது.

அரசாங்கம் பயந்ததும் அதற்காகத்தான். வெள்ளைக்காரன் போட்ட நாடகத்தைக் கட்டுப்படுத்தும் 1876-ஆம் ஆண்டுச் சட்டம் போதாதென்று 1954-இல் சென்னை மாநில அரசு தனியாக ஒன்று கொண்டுவந்தது. எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகத்தை மனதில் வைத்துத்தான் என்பார்கள். எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், அந்த 1954 சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்று 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 1876 சட்டமும் 2018-இல் ஒழிந்தது. தடைகள் போன பிறகு மேடையில் நம் பிள்ளைகளைக் காணோம் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஆனால் பழையபடியே வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கதாநாயகி வேஷத்துக்கு ஒன்று மீசை மழித்த பையன் வருவான், இல்லையென்றால் மதுரையிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ ஒரு நடிகையைக் காசு கொடுத்து அழைப்பார்கள். அந்த அம்மா மத்தியானம் வந்து இறங்கி, ஒரே ஒத்திகையில் அத்தனை வசனத்தையும் பிடித்துக்கொள்வார். அப்பேர்ப்பட்ட கலைஞரை விடியும்வரை கேலி பேசினார்கள். நம் வீட்டுப் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி. காலனியில் இருக்கும் தலித் பிள்ளைகளுக்கு ஊர் மேடையில் இடமே இல்லை. அவர்கள் தங்கள் தெருவில் தனியாகப் படுதா கட்டிப் போட்டார்கள். நல்ல நடிகர்கள் பலர் அங்கேதான் இருந்தார்கள்.

இப்போது போட்டால் இரண்டு தெருவும் ஒரே மேடையில் ஏற வேண்டும். பெண் வேஷத்தைப் பெண்களே கட்ட வேண்டும். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நம் பெண் பிள்ளைகள் பேசுகிற பேச்சைக் கேட்டவர்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பெற்றவர்கள் தயங்கினால் ஒத்திகைக்குக் கூடவே வந்து உட்காரட்டும், அதுவும் நல்லதுதான்.

கதைக்கும் பஞ்சமில்லை. கண்மாய் ஆக்கிரமிப்பு இருக்கிறது. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் பேசிக்கொள்வதை எழுதினாலே ஒரு மணி நேர நாடகம். கமிட்டி அண்ணன்மார் அடுத்த வருடப் பொங்கலுக்காவது மூன்றில் நடு நாள் ராத்திரியை ஒதுக்குங்கள். மேடை, மைக், லைட் மட்டும் கொடுத்தால் போதும். எழுத ஆசைப்படுகிறவர்கள், முக்கியமாகத் தங்கச்சிகள், எனக்கு மெசேஜ் போடுங்கள். ஒத்திகைக்கு இடம் பிடிப்பது என் பொறுப்பு.