‘முதலெழுத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்’ என்னும் பொய்

பிரிட்டனின் வேல்ஸ் நாட்டு மொழியான வெல்ஷைக் கற்கத் தொடங்குகிறவர்களிடம் பாடநூலும் செயலியும் ஆசிரியரும் தவறாமல் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: சொல்லின் முதலெழுத்து மாறுவதைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்படாதீர்கள், மாற்றாமல் பேசினாலும் எல்லோருக்கும் புரியும் என்பார்கள். இதைவிடப் பொறுப்பற்ற அறிவுரை எனக்குத் தெரிந்து வேறில்லை. நான் பேசுவது அவர்களுக்குப் புரியலாம். அவர்கள் பேசுவது எனக்கு எப்படிப் புரியும்?

வடக்கு வேல்ஸில் உள்ள பாங்கோர் நகருக்குப் போகிறேன் என்றால் அது ‘வாங்கோர்’ ஆகிறது. அந்நகரில் இருக்கிறேன் என்றால் ‘மாங்கோர்’ ஆகிறது. ஊர்ப்பெயரையாவது ஊகித்துக்கொள்ளலாம். ரொட்டியைக் குறிக்கும் ‘பாரா’, ‘வாங்கினேன்’ என்னும் வினைக்குச் செயப்படுபொருளாக வந்ததும் ‘வாரா’ என்று உருமாறுகிறது. அந்த வடிவத்தை அகராதியில் தேடினால் கிடைக்காது, ஏனெனில் அந்த வகரம் பகரத்திலிருந்தும் பிறந்திருக்கலாம், மகரத்திலிருந்தும் பிறந்திருக்கலாம். தோட்டத்தைக் குறிக்கும் ‘கார்த்’ இன்னும் மோசம்: அது பெண்பாற்சொல் என்பதால், முன்னால் ஆங்கில ‘the’ போன்ற சுட்டுச்சொல் வந்தவுடன் ககரம் அடியோடு மறைந்து ‘ஆர்த்’ மட்டும் எஞ்சுகிறது. இல்லாத எழுத்தை அகராதியின் எந்தப் பக்கத்தில் தேடுவது?

பொருளே மாறிப்போகும் இடங்களும் உண்டு. ‘அவனுடைய’, ‘அவளுடைய’ என்னும் இரண்டுக்கும் வெல்ஷில் எழுத்திலும் பேச்சிலும் ஒரே சொல்தான். ‘இ மாம்’ என்றால் அவளுடைய தாய், ‘இ வாம்’ என்றால் அவனுடைய தாய். பின்னால் இன்னொரு பிரதிப்பெயரைச் சேர்த்துச் சொல்லாதபோது, யாருடைய தாய் என்பதைக் காட்டுவது அந்த முதலெழுத்து ஒன்றுதான். இதற்குமா கவலைப்பட வேண்டாம்?

வெல்ஷில் நாம் கவலைப்படத் தேவையில்லாத இடம் வேறு: பல கேள்விகளுக்கு ‘ஆம்’ என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாமல் வினையையே திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று ஆங்கிலம் பேசுவோர் அலறுவதுண்டு. ‘பால் இருக்கிறதா?’ என்று கேட்டால் ‘இருக்கிறது’ என்றே பதில் சொல்லிப் பழகிய நமக்கு அதில் அலற ஒன்றுமில்லை.

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வேல்ஸில் வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ 5,38,000 பேர். 2050-க்குள் அதைப் பத்து லட்சமாக்குவது அந்நாட்டு அரசின் இலக்கு. அப்படியிருக்க, புதிதாக வருகிறவர்களிடம் மொழியின் அச்சாணியையே மறைத்து வைப்பது என்ன நியாயம்? ‘பாரா’ ‘வாரா’ ஆவது போல மிகப் பரவலாக நிகழும் மென்மாற்றத்துக்கு உட்படும் மெய்கள் ஒன்பதே ஒன்பது. அரைப் பக்க அட்டவணையில் அடங்கிவிடும் அதை, கற்பவர் மிரண்டுவிடுவார் என்று பின்பாடங்களுக்குத் தள்ளிவைக்கும் கனிவு எனக்கு வேண்டாம். முதல் பாடத்தின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டுக் கொடுங்கள்.