பாக்கெட்டில் வந்தால் பெர்முடா

(புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு வீட்டு முன்வாசல். மாசி வெயில். பெர்முடா என்ற புல்தரைப் புல்லின் விதை தூவி 11 நாள்.)

சார்: அஞ்சல, இந்த அருகம்புல்ல வேரோட புடுங்கிப் போட்டுடு. ஒண்ணு விடாத.

அஞ்சலை: எத சார்?

சார்: தோ, தலைமுடி மாதிரி தரையோட தரையா கெடக்குதே. நேரா நிமிர்ந்து நிக்குதே, அதுல மட்டும் கை வச்சிடாத. அதான் பெர்முடா. பதினோரு நாள்ல நாலு இஞ்ச்!

அஞ்சலை: நிமிர்ந்து நிக்கிறது நெல்லு சார்.

சார்: நெல்லா?

அஞ்சலை: விதைக்கு மேல மூடறதுக்கு பாகூர்லேர்ந்து வைக்கோல் எறக்குனீங்க இல்ல? அதுல உதிராம தங்குன நெல்லு. இன்னும் பத்து நாள் போனா நாத்து பறிச்சி நட்டுடலாம்.

சார்: அப்ப பெர்முடா எங்க?

அஞ்சலை: நீங்க புடுங்கச் சொன்னது.

சார்: அது அருகம்புல்லு!

அஞ்சலை: ஆமா.

சார்: நான் வாங்குனது பெர்முடா!

அஞ்சலை: ஆமா.

சார்: இன்னா, ரெண்டுத்துக்கும் ஆமான்ற?

அஞ்சலை: பாக்கெட்டு பின்னால பொடி எழுத்துல ஒரு பேரு இருக்கும், படிங்க.

சார்: (கண்ணாடி மாட்டி) சைனோடான் டாக்டைலான்.

அஞ்சலை: அத போன்ல தேடுங்க.

சார்: (நெடுநேரம் கழித்து) புள்ளையார் படம் வருது.

அஞ்சலை: கழுத்துல இன்னா மாலைன்னு பாருங்க.

சார்: இது லான் ரகம்மா. எல மெலிசு, அடர்த்தியா வரும்.

அஞ்சலை: வரும், இல்லன்னு சொல்லல. பொறுக்கி எடுத்த ரகம். ஆனா இனம் ஒண்ணுதான். போன மாசம் இதே எடத்துல ரெண்டு நாளு மம்முட்டி போட்டு இதத்தான் கொத்தி எடுத்தேன். களைதானேன்னு கூலியில அம்பது ரூபா கொறச்சீங்க.

சார்: சரி, அத விடு. நடுவுல ஏன் வழுக்கையா கெடக்கு? மூலையில மட்டும் குப்பலா மொளச்சிருக்கு?

அஞ்சலை: ஓஸ நேரா புடிச்சி அடிச்சீங்க. விதை கடுகுல பாதி கூட இல்ல, தண்ணியோட மெதந்து மூலையில போய் உக்காந்துகிச்சி. பூவாளியில தூவுங்கன்னேன். மொளைக்கிற வரைக்கும் ஒரு நாளைக்கி மூணு தடவ, நாலு தடவ, மேல் மண்ணு அரை இஞ்ச் ஈரமா இருந்தா போதும். நீங்க ராத்திரி சீரியல் முடிஞ்சப்பறம் ஒரு மணி நேரம் ஏரி கட்டுறீங்க.

சார்: வீடியோவுல நல்லா தண்ணி காட்டச் சொன்னான்.

அஞ்சலை: அவன் ஊர்ல காட்டட்டும். இங்க ராத்திரி ஈரம் காயாது, மொளை அடியில அழுகும். அஞ்சு மணிக்கு மேல தண்ணி வேணாம். அழுகறதுக்கு இன்னொன்னும் இருக்கு. எவ்ளோ விதை போட்டீங்க?

சார்: ஒரு கிலோ. முழு பாக்கெட்டு.

அஞ்சலை: 20க்கு 25, ஐநூறு சதுர அடி. 300 கிராம் போதும். அதுக்கு நாலு பங்கு காஞ்ச மணலு கலந்து, பாதிய நெட்டுக்கு, பாதிய குறுக்குக்குத் தூவணும். நெருக்கிப் போட்டா காத்து போவாது.

சார்: காசு குடுத்து வாங்குனது, மிச்சம் வைக்கிறதான்னுதான்…

அஞ்சலை: வைக்கோலும் அப்படித்தான் போட்டீங்க. கீழ பாதி மண்ணு கண்ணுக்குத் தெரியணும். நீங்க போட்டதுக்கு ஒரு மாட்டக் கட்டலாம்.

சார்: இதுக்கு ஐப்பசியிலயே போட்டிருக்கலாம். மழையே பாத்துக்கும்.

அஞ்சலை: நல்லா பாத்துக்கும். விதை வாய்க்காலோட கடலுக்குப் போயிருக்கும்.

சார்: சரி. இப்ப வழுக்கைக்கு?

அஞ்சலை: அங்க மட்டும் மண்ணக் கீறி விதை தூவி, கால் இஞ்சுக்கு மேல மூடாம, பலகையால தட்டி விடணும். மொளச்ச எடத்துக்கு இனிமே தண்ணியோட தடவ கொறையணும், அளவு கூடணும். அப்பதான் வேரு கீழ எறங்கும். அது மேல செருப்பு போட்டு நடக்காதீங்க.

சார்: யூரியா கொஞ்சம்…

அஞ்சலை: இப்பவா? கருகிடும். ரெண்டு இஞ்ச் வளந்து, மூணுல ஒரு பங்கு மட்டும் மொத வெட்டு வெட்டுனப்பறம் கால் கிலோ. எல காஞ்சிருக்கும்போது தூவி, ஒடனே தண்ணி.

சார்: ஒரு அருகம்புல்லுக்கு இவ்ளோவா?

அஞ்சலை: பெர்முடாவுக்கு சார்.

சார்: அப்ப இந்த நெல்லயாவது புடுங்கு.

அஞ்சலை: புடுங்குனா பக்கத்துல இருக்குற பிஞ்சு வேரும் கூட வரும். கத்திரிக்கோல் குடுங்க, அடியோட நறுக்கறேன். திரும்பத் தழைச்சா பின்னால புல்லு வெட்டும்போது அதுவும் போய்டும்.

சார்: எவ்ளோ கூலி?

அஞ்சலை: அருகம்புல் கூலியா, பெர்முடா கூலியா?

சார்: ரெண்டும் ஒண்ணுன்னியே!

அஞ்சலை: புல்லு ஒண்ணு சார். அந்த அம்பது ரூபாயையும் சேத்து எடுத்துனு வாங்க.