இரண்டு நிற அடிக்கோடுகள்

செப்டம்பர் பிறந்தால் யாழ்ப்பாணத்தில் சிவப்பு மஞ்சள் கொடிகள் ஏறும். புலிகள் இயக்கத்தின் திலீபன் 1987இல் உண்ணாவிரதம் இருந்து உயிர் விட்ட நாட்கள், 15 தொடங்கி 26 வரை. நல்லூரில் விளக்கேற்றுவார்கள். நானும் போயிருக்கிறேன், இனியும் போவேன். அந்த நாட்களுக்கு நடுவில் 21ஆம் திகதி என்று ஒன்று வரும். அன்றைக்கு எங்கேயாவது ஒரு சின்ன மண்டபத்தில் சிலர் கூடினால் உண்டு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

1989 செப்டம்பர் 21, பின்னேரம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் வைத்துச் சுட்டார்கள். வயது 35. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டும் சின்னதுகள். திலீபனும் அதே மருத்துவ பீடத்துப் பிள்ளைதான் என்பதை ஏனோ நாங்கள் சேர்த்து நினைப்பதில்லை. ஒரே பீடம், இரண்டு வருட இடைவெளியில் இரண்டு செப்டம்பர்கள்.

ஒவ்வொரு 21ஆம் திகதியும் யாராவது இணையத்தில் ராஜினியின் படத்தைப் போடுவார்கள். அந்தப் பெரிய சிரிப்புள்ள படம்தான். அரை மணித்தியாலத்தில் கீழே சண்டை தொடங்கிவிடும். "துரோகி", "சிங்களவனைக் கட்டினவ" என்று ஒரு பக்கம். "பார்த்தீர்களா உங்கள் பெடியள் செய்த வேலையை" என்று மறு பக்கம். இந்த இரண்டாவது பக்கத்தில் சிலருக்கு 21ஆம் திகதி தவிர வேறெந்த நாளும் ராஜினியின் நினைப்பே வராது. சுட்டது புலிகள் என்றே அவரோடு வேலை செய்தவர்கள் அன்றிலிருந்து சொல்லி வருகிறார்கள். புலிகள் மறுத்தார்கள். இன்றுவரை எந்த நீதிமன்றமும் யாரையும் தண்டிக்கவில்லை. நான் அவரோடு வேலை செய்தவர்களை நம்புகிறேன். ஆனால் அவர் எப்படிச் செத்தார் என்ற கேள்வியிலேயே நின்றுகொண்டிருந்தால் எப்படி வாழ்ந்தார் என்று கேட்கவே மாட்டோம். எனக்குச் சொல்ல வேண்டியது அதுதான்.

நான் அவரைக் கண்டதில்லை. அவர் இறந்தபோது எனக்கு ஆறு வயது. பெயரை முதலில் கேட்டது குசினியில், பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக் கதைத்தபோது. நான் கிட்டப் போனதும் கதை நின்றுவிட்டது.

அப்புறம் எத்தனையோ வருடம் கழித்து 'முறிந்த பனை' கைக்கு வந்தது. ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், ஸ்ரீதரன், ராஜினி என்று பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம். ராஜினி போன பிறகு 1990இல்தான் அச்சில் வந்தது. எனக்குக் கிடைத்தது தமிழ் மொழிபெயர்ப்பின் போட்டோகொப்பி. பழைய பேப்பரில் உறை போட்டு, முதுகில் தடித்த நூலால் தைத்திருந்தது. எனக்கு முன்னால் குறைந்தது இரண்டு பேர் அதை வாசித்திருக்கிறார்கள். ஒருவர் நீலப் பேனா, மற்றவர் சிவப்பு. இந்திய ஆமி செய்ததெல்லாம் நீலத்தில் அடிக்கோடு. புலிகள் போன்ற தமிழ் ஆயுத இயக்கங்களைக் கேள்வி கேட்ட இடமெல்லாம் சிவப்பில் அடிக்கோடு. ஒரே பக்கத்தில் இரண்டு நிறமும் இருக்கிறதா என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம்கூட இல்லை.

ஆனால் அந்தப் புத்தகத்தைப் பாதியாகக் கிழிக்க முடியாது. 1987 ஒக்டோபரில், அமைதிப் படையாக வந்த இந்திய இராணுவம் புலிகளோடு சண்டை மூண்டு யாழ்ப்பாணத்துக்குள் நுழைந்தபோது பெண்களுக்கு நடந்ததைப் பற்றி ராஜினி எழுதிய பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளி நாளில் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளிகளையும் வைத்தியர்களையும் தாதிமாரையும் சுட்டுப் போட்ட மாதம் அது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் வெளியில் சொல்லவே பயந்த நேரம். சொன்னால் ஊர் என்ன சொல்லும் என்பதும் அந்தப் பயத்தில் பாதி. அவர் அவர்களிடம் போய் இருந்து கேட்டு எழுதினார். துவக்கோடு ஆமி ஒவ்வொரு சந்தியிலும் நிற்கும்போது அந்த ஆமியைப் பற்றி எழுதினார். சனத்துக்குள் நின்று சுட்டுவிட்டுப் பின்வாங்கி, அடியைச் சனம் வாங்க விட்ட பெடியளையும் அந்தப் புத்தகம் விடவில்லை. செத்தது யார், கொன்றது யார், அன்று என்ன நடந்தது. அவ்வளவுதான் கணக்கு. 1988இல் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் என்ற அமைப்பை இவர்கள் கூடித் தொடங்கியதும் இதற்காகத்தான். அவரைச் சுட்ட பிறகும் ஹூலும் ஸ்ரீதரனும் ஒளிந்தும் ஓடியும் அறிக்கைகளை நிறுத்தாமல் எழுதினார்கள். 2007இல் அவர்களுக்கு மனித உரிமைப் பணிக்கான மார்ட்டின் என்னல்ஸ் விருது கிடைத்தது.

இதைச் சொன்னால் உடனே தெய்வமாக்கிவிடுவார்கள். அதுவும் எனக்குப் பிடிப்பதில்லை. அவர் ஒரு காலத்தில் புலிகளோடு நின்றவர். காயப்பட்ட பெடியளுக்கு மருந்து கட்டியவர். அக்கா நிர்மலாவை 1982இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்து அடைத்தபோது, அரசின் மேல் எல்லோருக்கும் வரக்கூடிய கோபம்தான் அவருக்கும் வந்தது. மேற்படிப்புக்கு இங்கிலாந்து போன இடத்திலும் அக்காவின் விடுதலைக்காக ஓடித் திரிந்தார். பிறகுதான் தான் நம்பியதையே உட்கார்ந்து கேள்வி கேட்டார். நேற்று நான் நினைத்தது பிழை என்று சொல்கிறவரைத்தான் எங்கள் ஊரில் முதலில் துரோகி என்கிறோம். எதையும் யோசிக்காமல் கடைசிவரை ஒரே இடத்தில் நின்றவருக்கு மாலை. இது எனக்குத் தீராத எரிச்சல்.

இன்னொன்று, அவர் திரும்பி வந்தது. 1986இல் இங்கிலாந்தில் இருந்து யாழ்ப்பாணம் வருவது என்றால் என்ன என்று அந்த நேரம் ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியும். வெளியே போக வழி தேடி வீடு வளவை விற்றுக்கொண்டிருந்த காலம். அவர் பிள்ளைகளோடு எதிர்த் திசையில் வந்தார். வந்து கூட்டத்தில் பேசிவிட்டுப் போகவில்லை. உடற்கூற்றியல் படிப்பித்தார். யுத்தத்தில் சிதைந்த பெண்களுக்காகப் பூரணி இல்லத்தைத் தொடங்கியவர்களில் ஒருவராக நின்றார். ஒரு நாள் ஒரு துவக்கு தன்னை மௌனமாக்கும், அதைப் பிடித்திருப்பவன் வெளியாளாக இருக்கமாட்டான், இந்தச் சமூகத்தின் வயிற்றில் பிறந்த பிள்ளையாகவே இருப்பான் என்று கடிதத்தில் எழுதியவர், எழுதிவிட்டு அடுத்த நாளும் வேலைக்குப் போனார். எல்லோரும் முதல் வரியைத்தான் தூக்கிப் போடுகிறார்கள். எனக்கு அந்த அடுத்த நாள்தான் பெரிதாகத் தெரிகிறது.

போன மாதம் பெறாமகள் வந்திருந்தாள். மருத்துவ பீடம், இரண்டாம் வருடம். அலுமாரியில் அந்தப் போட்டோகொப்பியைப் பார்த்து எடுத்தாள்.

"சித்தி, இவ ஆர்?"

"உங்கட பீடத்து ரீச்சர். அனற்றமி."

"எங்கட பீடமா? ஒருத்தரும் சொல்லேல்லையே."

கொஞ்ச நேரம் நின்ற நிலையிலேயே புரட்டினாள். பிறகு, "ஏன் சித்தி ரெண்டு கலரில கோடு போட்டிருக்கு?" என்று கேட்டாள். வாசித்துப் பார், தெரியும் என்றேன். பையில் வைத்துக்கொண்டு போனாள். புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை, நானும் கேட்கவில்லை.