றெய்ட் போட்டால் பக்கப் தேவையில்லையா?

புறக்கோட்டை வியாபாரிகளின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “சேர்வரில் றெய்ட் 5 போட்டால் பக்கப் தேவையில்லை, எத்தனை டிஸ்க் போனாலும் தரவு தப்பும்.” றெய்ட் என்பது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றுபோல் இயக்கும் முறை; பக்கப் என்பது தரவின் தனிப் பிரதி. அந்தச் செய்தியில் இரண்டு பாதியும் பிழை.

றெய்ட் 5 தாங்குவது ஒரேயொரு டிஸ்க்கின் இழப்பை. மூன்று 4 டெராபைட் டிஸ்க்குகளைப் போட்டால் கையில் கிடைப்பது ஏறத்தாழ 8 டெராபைட். மிச்சம் பரிட்டி எனும் சரிபார்ப்புக் கணக்குக்குப் போய்விடும். மூன்றிலும் உள்ள 1களின் எண்ணிக்கை இரட்டையாக வரவேண்டும் என்பதே கணக்கு: முதல் டிஸ்க்கில் 1, இரண்டாவதில் 0 என்றால் மூன்றாவதில் எழுதும் பரிட்டி 1. முதலாவது செத்தாலும் மற்ற இரண்டையும் வைத்து அந்த 1ஐக் கண்டுபிடிக்கலாம். இரண்டு செத்தால் கணக்குப் போட எதுவும் இல்லை. இரண்டைத் தாங்க றெய்ட் 6 வேண்டும். றெய்ட் 0வோ ஒன்றையும் தாங்காது; பெயரில் மட்டும்தான் றெய்ட்!

பக்கப் கதை இன்னும் மோசம். கணக்குப்பிள்ளை தவறுதலாக மார்ச் மாத விலைப்பட்டியல்களை அழித்தால், டிஸ்க்குகளை இயக்கும் கொன்ட்ரோலர் அந்த அழிப்பையும் ஒழுங்காக எல்லா டிஸ்க்கிலும் எழுதிவிடும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நிரல் பூட்டினாலும் அப்படியே. கொன்ட்ரோலருக்கு நல்ல எழுத்து, கெட்ட எழுத்து என்ற பேதம் தெரியாது.

கொன்ட்ரோலர் கார்டில் இருக்கும் சின்ன பேட்டரியை, கரண்ட் போனால் சேர்வரை ஓட்டும் யூபிஎஸ் என்று நினைப்பவர்களும் உண்டு. கரண்ட் போனால், டிஸ்க்குக்கு இன்னும் போய்ச் சேராமல் கேஷ் எனும் தற்காலிக நினைவகத்தில் நிற்கும் தரவைக் காப்பது மட்டுமே அதன் வேலை. சேர்வரை அது ஒரு நிமிடமும் ஓட்டாது.

பக்கப் என்பது வேறொரு பெட்டியில், முடிந்தால் வேறொரு கட்டடத்தில் இருக்கும் பிரதி.