ஹெல்மெட் தெரியுற கண்ணுக்கு மினி பஸ் தெரியாதா?

அந்த மினி பஸ் வீடியோவ பத்தி நான் எழுதுனதுக்கு வந்த கமெண்டுக்கெல்லாம் தனித்தனியா பதில் சொல்லி மாளல, அதனால மொத்தமா இங்கயே எழுதிடுறேன். சேலம் அஸ்தம்பட்டி பக்கம் என்ன நடந்துச்சுன்னு எல்லாரும் பாத்துட்டீங்க, மறுபடி முதல்ல இருந்து சொல்லப் போறதில்ல. மினி பஸ்ல இருந்து இறங்குன அந்த பூக்காரம்மா ஒரு கால தரையில வச்சு இன்னொரு கால் படியில இருக்கும்போதே டிரைவர் வண்டிய எடுத்துட்டான். கூடை ஒரு பக்கம் அவங்க ஒரு பக்கம். உசுருக்கு ஒன்னுமில்ல, சந்தோஷம். ஆனா எல்லாரும் பஸ்ஸையே பாக்குறீங்க, வீடியோவோட இடது ஓரத்த பாருங்க. டிராபிக் போலீஸ்காரர் ஒருத்தர் நிக்கிறாரு. ஹெல்மெட் போடாத ஒரு பையனோட ஸ்கூட்டி சாவிய ஒரு கைல வச்சுகிட்டு இன்னொரு கைல ஃபைன் போடுற மெஷின தட்டிட்டிருக்காரு. சத்தம் கேட்டு திரும்புறாரு. பாக்குறாரு. திரும்பவும் மெஷின தட்டுறாரு. பஸ் போயிருச்சு.

நான் கேட்டது இது ஒன்னுதான். ஹெல்மெட் தெரியுற கண்ணுக்கு பஸ் ஏன் தெரியல? இதுக்கா இத்தன பேச்சு எனக்கு?

ஹெல்மெட் இல்லன்னா 1000 ரூபா, 2022 அக்டோபர்ல ஏத்துனாங்க. போடட்டும், நான் வேணாங்கல, நானும் ஹெல்மெட் போட்டுதான் போறேன். ஆனா அதே மோட்டார் வாகன சட்டத்துலதான் வண்டி ஓட்டும்போது செல்போன் பேசுனா 1000னு இருக்கு. பெர்மிட்ல இருக்குறத விட ஜாஸ்தி ஏத்துனா ஜாஸ்தியா ஏத்துன ஒவ்வொரு ஆளுக்கும் 200ன்னு இருக்கு, அதுவும் அந்த ஆளுங்கள இறக்கி வேற வண்டி ஏற்பாடு பண்ற வரைக்கும் பஸ் நகரவே கூடாது. ஆபத்தா ஓட்டுனா 184வது பிரிவு, 5000 வரைக்கும் ஃபைன், ஜெயிலும் உண்டு. காலைல எட்டரை மணிக்கு புது பஸ் ஸ்டாண்டுல இருந்து கெளம்புற ஏதாவது ஒரு மினி பஸ்ஸ அஞ்சு ரோட்டுல நிறுத்தி இந்த கணக்க ஒரே ஒரு தடவ போட்டு பாருங்க, அன்னிக்கு ஃபைன் கோட்டாவ ஸ்கூட்டி பசங்கள தொடாமயே முடிச்சிடலாம். போட மாட்டாங்க. ஏன்னா ஸ்கூட்டி பையன் பயந்து நிப்பான், பஸ் நிக்காது, நின்னாலும் உள்ள இருந்து யாராவது ஒருத்தர் ஓனர்கிட்ட போன போட்டு குடுப்பாரு. அதுக்கப்புறம் என்ன பேசுவாங்கன்னு எனக்கு தெரியாது, உங்களுக்கும் தெரியாது, எல்லாருக்கும் தெரியும்.

"டிரைவர் பாவம், ஏழை வயித்துல அடிக்காதீங்க"ன்னு ஒரு அண்ணன் எழுதியிருக்காரு, அதுக்கு நூத்துக்கணக்குல லைக் வேற. அண்ணா, பூக்காரம்மா என்ன பங்களா வச்சிருக்காங்களா? சரி, டிரைவர் கஷ்டம் எனக்கு தெரியாதுன்னு நெனைக்காதீங்க. சம்பளம்னு பேருக்கு ஏதோ, மிச்சம் கலெக்‌ஷன் பாத்து குடுக்குற பேட்டாதான். முன்னாடி போற வண்டிக்கும் இவருக்கும் கொஞ்ச நிமிஷம்தான் டைமிங் வித்தியாசம், அதனால ஸ்டாப்புல ஆள் ரொம்புற வரைக்கும் உருட்டிகிட்டே நிப்பாரு, பின்னாடி வண்டி கண்ணுல பட்டதும் அடுத்த ஸ்டாப்புக்கு பறப்பாரு. அவன் முன்ன போயிட்டா அங்க நிக்கிற ஆள் பூரா அவனுக்கு. இதுல லேடீஸ் பாதிப்பேர் 2021ல இருந்து டவுன் பஸ் ஃப்ரீன்னு அதுக்கு போயிட்டாங்க, மினி பஸ்ஸுக்கு கலெக்‌ஷன் அடி. எல்லாம் வாஸ்தவம். அதுக்காக அவர் அவசரத்துக்கு எங்க எலும்ப கேக்கலாமா? பேட்டா முறைய மாத்து, டைமிங்க சரியா போட்டு குடுன்னு ஓனர்கிட்டயும் ஆர்டிஓகிட்டயும் கேளுங்க, நானும் கூட வந்து கத்துறேன். அத விட்டுட்டு என்கிட்ட வந்து வயித்துல அடிக்காதன்னா எப்படி?

ஆமா எலும்புன்னு சொன்னேன். எங்க அத்தைய பத்தி இங்க நான் எழுதுனதில்ல. கொலுசுக்கு பொடி வச்சு பத்த வைக்கிற, அதாவது ஊதி ஒட்டுற வேலை, செவ்வாப்பேட்டை பட்டறைல. வலது கை இல்லன்னா ஊதுகுழல் பிடிக்க முடியாது, வேலையே கிடையாது. ஒரு நாள் சாயங்காலம் இதே கததான், கண்டக்டர் பையன் "யம்மா எறங்கு எறங்கு, டைம் ஆச்சு"ன்னு முதுகுல கைய வச்சு தள்ளாத குறையா இறக்கியிருக்கான், இறங்குறதுக்குள்ள விசில் அடிச்சுட்டான். கைய ஊனி விழுந்ததுல மணிக்கட்டு போச்சு. புத்தூர் கட்டு போட்டு மாசக்கணக்குல வீட்ல. ஓனர் வீட்டு ஆள் ஒருத்தர் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஒரு கவரும் கொண்டு வந்தாரு. அந்த பாட்டில் மேல கடை ஸ்டிக்கர் கூட பிச்சிருக்கல, எம்ஆர்பில இருந்து ரெண்டு ரூபா கொறச்சு ஒட்டியிருந்துச்சு. "கேஸ் கீஸுன்னு போனா கோர்ட்டுக்கு நீங்கதான் அலையணும், பாத்துக்கோங்க"ன்னு ரொம்ப அக்கறையா சொன்னாரு. இன்சூரன்ஸ்ல கேக்கலாம், விபத்து இழப்பீட்டுக்குன்னே தனி தீர்ப்பாயம் இருக்குன்னு நான் சொன்னா அத்தை "வுடு கண்ணு, நாளைக்கும் அந்த பஸ்லதான போவணும்"னுட்டாங்க. இப்பவும் அந்த கை முழுசா மடங்காது. இந்த விஷயத்துல எனக்கு நடுநிலை வராதுங்க, வரவும் வேணாம்.

அப்புறம் "அப்ப மினி பஸ்ஸையே நிறுத்திடலாமா"ன்னு கேக்குற அறிவாளிகளுக்கு. மினி பஸ் 1997ல வந்தப்ப எங்க பக்கம் சாமி ஊர்வலம் மாதிரி பாத்தாங்களாம், அம்மா இன்னும் சொல்லுவாங்க. அதுக்கு முன்ன மெயின் ரோடு வரைக்கும் நடைதான். 2025 ஜூன்ல புது திட்டம் ஆரம்பிச்சு ரூட்ட 25 கிலோமீட்டர் வரைக்கும் நீட்டிக்கலாம்னு ஆக்குனாங்க, அப்ப கை தட்டுனவங்கள்ல நானும் ஒருத்தி. நிறுத்துன்னு எங்கயாவது சொன்னேனா? பஸ் வேணுங்க. இறங்குற வரைக்கும் நிக்கிற பஸ் வேணும், அவ்வளவுதான். இது பெரிய ஆசையா?

வேகத்த கட்டுப்படுத்துற ஸ்பீட் கவர்னர் மாட்டிட்டாங்களே அப்புறம் என்னன்னு ஒருத்தர். 80 கிலோமீட்டர் வேகத்துலதான் கட் ஆகும் சார் அது. அஸ்தம்பட்டி ரவுண்டானால யாரு 80ல போறா? கால் படியில இருக்கும்போது அஞ்சு கிலோமீட்டர் வேகமே போதும்.

"ரோடு சரியில்ல", "டூவீலர்காரன் மட்டும் யோக்கியமா"ன்னு இன்னும் சிலர். யோக்கியம் இல்ல. அவனதான் பிடிக்கிறாங்களே!

"டவுன்ல இப்படித்தான், மலைல எல்லாம் பாத்து ஓட்டுவாங்க"ன்னு ஒரு கமெண்ட். 2024 ஏப்ரல் கடைசில ஏற்காட்டுல இருந்து இறங்குன தனியார் பஸ் தடுப்பு சுவர ஒடச்சுகிட்டு கீழ ரோட்டுல போய் விழுந்துச்சே, ஆளுங்க செத்தாங்களே, அது மலை இல்லாம கடலா? 20 கொண்டை ஊசி வளைவு இருக்குற ரோடு. அன்னிக்கு எல்லாரும் மெழுகுவர்த்தி ஸ்டேட்டஸ் வச்சீங்க. நான் கேக்குறது அதுக்கு முந்தின நாள பத்தி. விழுந்த பின்னாடி கேஸ் போட பிஎன்எஸ்ல, அதான் ஐபிசிக்கு பதிலா வந்த புது குற்றவியல் சட்டத்துல, 106வது பிரிவு இருக்கு, அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில். விழறதுக்கு முன்னாடி, கன்னாபின்னான்னு ஓட்டுனதுக்கு மட்டும், 281வது பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 1000 ரூபா வரைக்கும் ஃபைன், இல்ல ரெண்டும். அதே 1000! ஹெல்மெட் போடாம தன் மண்டைய பணயம் வச்சவனுக்கும் 1000, ஒரு பஸ் சனத்த பணயம் வச்சவனுக்கும் 1000ல முடியலாம். அந்த 1000ஐயும் போட மனசு வரல.

கடைசியா, "கார்ல ஏசில போறவளுக்கு என்ன தெரியும்"னு எழுதுன தம்பிக்கு. கார் எங்க இருக்குன்னு சொன்னா நானே வந்து எடுத்துக்குறேன். ஸ்கூட்டிய வீட்டுக்காரர் எடுத்துட்டு போற நாள்ல நான் அந்த மினி பஸ்லதான் போறேன், டிரைவருக்கு பின்னாடி கம்பிய பிடிச்சுகிட்டு, அவர் மடியில ஓடுற ரீல்ஸ எனக்கும் சேத்து காட்டிகிட்டே ஓட்டுறாரு. அவ்வளவு சவுண்டு பாட்டுல "நிறுத்துங்க"ன்னு கத்துனா கேக்காது, கம்பிய தட்டணும். சொல்லிப் பாத்தாச்சு. "புடிக்கலன்னா ஆட்டோல போக்கா"ன்னு பதில் வரும், பஸ்ஸுல இருக்குற பாதி சனம் சிரிக்கும். உண்மைய சொல்லணும்னா டிரைவர் சொன்னத விட அந்த சிரிப்புதான் வலிச்சுது. நம்ம ஆளுங்களே.

எழுத ஆரம்பிச்சா எங்கயோ போகுது. மனு ரெடி. வர்ற திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல குடுக்கப் போறேன், போலீசுக்கும் ஆர்டிஓவுக்கும் காப்பி. உங்க ரூட்டு, வண்டி வர்ற நேரம், என்ன நடக்குதுன்னு கமெண்ட்ல போடுங்க, சேத்துக்குறேன். கையெழுத்து போடுறவங்க இன்பாக்ஸ் வாங்க. "சூப்பர் சிஸ்டர்"னு போட்டுட்டு கையெழுத்து கேட்டதும் காணாம போறவங்க, போன தடவையே உங்கள பாத்துட்டேன், தயவுசெஞ்சு இப்பவே அன்ஃபாலோ பண்ணிக்கோங்க.