பழைய நேரத்தைக் கரையிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள்

போட்டி நீச்சலை விட்டவர்கள் பிற்காலத்தில் என்ன ஆகிறார்கள் என்று கேட்டால், சட்டென்று நினைவுக்கு வருபவர்கள் எல்லாம் விதிவிலக்குகள்தான். ஜானி வைஸ்முல்லர் 1924, 1928 ஒலிம்பிக்குகளில் நீச்சலில் ஐந்து தங்கம் வென்றுவிட்டு டார்சானாக நடிக்கப் போனார். ஜிம்பாப்வேயின் கிர்ஸ்டி கவென்ட்ரி ஏழு ஒலிம்பிக் பதக்கங்களுக்குப் பிறகு, 2025இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவரானார். மற்றவர்களில் பெரும்பாலோர் இருபதுகளிலேயே போட்டியை முடித்துக்கொண்டு வேலை, குடும்பம் என்று போய்விடுகிறார்கள். பத்துப் பதினைந்து வருடம் கழித்து தொப்பையோ, முதுகுவலியோ, மருத்துவரின் எச்சரிக்கையோ அவர்களைத் திரும்பக் குளத்துக்கு அனுப்பி வைக்கிறது. இந்தப் பதிவு அவர்களுக்காக. கூடவே, கோச் வேலைக்குப் போனவர்களுக்காகவும்.

நீச்சல் மறக்காது. சிக்கலே அதில்தான். பதினைந்து வருடம் குளத்துப் பக்கமே போகாமல் இருந்துவிட்டு இறங்கினாலும், தண்ணீரைப் பிடிக்கும் கை, உருளும் இடுப்பு, சுவரில் திரும்பும் டர்ன் எல்லாம் முதல் சில லேப்பிலேயே வந்துவிடும். மூச்சு சில வாரங்களில் ஓரளவு வசத்துக்கு வரும். தோளைக் கட்டியிருக்கும் தசைநாண்களுக்கு அந்த வேகம் கிடையாது. பழைய சுமைக்கு அவை பழக மாதக்கணக்கில் ஆகும். ஆக, இருபது வயதில் படித்த இழுப்பை நாற்பது வயதுத் தோளின் மீது ஏற்றுகிறோம். புதிதாகக் கற்பவருக்கு இந்த ஆபத்து குறைவு. அவரால் அவ்வளவு வலுவாகத் தண்ணீரை இழுக்கவே முடியாது.

அமெரிக்க நீச்சல் வீரர் மார்க் ஸ்பிட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஏழு தங்கம், ஏழிலும் உலக சாதனை, 22 வயதில் ஓய்வு. இரு கைகளையும் ஒன்றாக வீசி நீந்தும் 100 மீட்டர் பட்டர்ஃப்ளையில் அன்றைய அவரது நேரம் 54.27 விநாடி. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்குக்கு அதே பந்தயத்தில், நாற்பதைத் தாண்டிய வயதில் திரும்ப முயன்றார். தகுதி நேரத்தை இரண்டு விநாடிக்கும் மேல் தவறவிட்டார். அவருக்கு இந்தியானா பல்கலைக்கழகத்தில் பயிற்சி கொடுத்த ஜேம்ஸ் கவுன்சில்மன் அதற்கு முன்பே வேறு வழியைக் காட்டியிருந்தார். 1979இல், 58 வயதில், ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அன்றைக்கு அதைச் செய்தவர்களிலேயே மூத்தவர் அவர்தான். சீடர் தன் பழைய நேரத்தோடு மோதினார். குரு தனக்குப் பழைய நேரமே இல்லாத இடத்தில் இறங்கினார். என் ஓட்டு குருவுக்குத்தான்.

அமெரிக்காவின் டாரா டோரஸ் 41 வயதில், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மூன்று வெள்ளி வாங்கவில்லையா என்று யாராவது கேட்பீர்கள். வாங்கினார். 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் 0.01 விநாடியில் கைநழுவியது. ஆனால் அவர் குளத்தில் நீந்தும் தூரத்தைக் குறைத்து, வலுப் பயிற்சிக்கும் தசை நீட்டலுக்கும் ஓய்வுக்கும் நேரத்தை மாற்றினார். அதற்கென்றே ஆட்களை வைத்திருந்தார். வேலை முடிந்து களைத்து வருகிறவர் அவரைப் பார்த்துப் படிக்க வேண்டியது தூரத்தைக் குறைத்ததைத்தான், பதக்கத்தை அல்ல.

சரி, திரும்பி வருகிறவர் என்ன செய்யலாம்? நாற்பதைத் தாண்டியவர், அல்லது ரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர், முதலில் இதயப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாளைக்கு 800 முதல் 1,200 மீட்டர் போதும். மெதுவாக 200 மீட்டர், பிறகு 50 மீட்டர் எட்டு முறை, ஒவ்வொன்றுக்கும் இடையில் 20 முதல் 30 விநாடி ஓய்வு, அதன் பிறகு மல்லாந்து நீந்தும் பேக்ஸ்ட்ரோக் 25 மீட்டர் நான்கு முறை, கடைசியில் சோம்பலாக 100 மீட்டர். மொத்தம் 800. பன்னிரண்டு வயதில் வார்ம் அப்புக்கே இதைவிட அதிகம் நீந்தியவர்களுக்கு இது அவமானமாகப் படும். படட்டும். அதன் பிறகு வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்ட வேண்டாம். கடிகாரத்தைப் பார்க்காமல், 50 மீட்டருக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணுங்கள். கடைசி 50இல் அந்த எண்ணிக்கை நான்கைந்து கூடினால் உடம்பு களைத்துவிட்டது, அன்றைக்கு அவ்வளவுதான்.

முதல் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஹேண்ட் பேடில் வேண்டாம், புல் பாய் வேண்டாம், பட்டர்ஃப்ளை வேண்டவே வேண்டாம். பேடில் உள்ளங்கையின் பரப்பைக் கூட்டுகிறது, அந்த எதிர்ப்பு முழுக்கத் தோளில்தான் இறங்கும். தொடைகளுக்கிடையே வைக்கும் மிதவையான புல் பாய் காலைச் சும்மா மிதக்கவிட்டு எல்லா வேலையையும் கையிடம் தள்ளுகிறது. கிக் போர்டை, அதாவது கையில் பிடிக்கும் மிதவைப் பலகையை, கையை நீட்டிப் பிடித்து அழுத்திக்கொண்டே போவதும் வலிக்கிற தோளுக்கு ஆகாது. மல்லாந்து படுத்து, கைகளைப் பக்கவாட்டில் வைத்துக் கிக் அடியுங்கள்.

இங்கே ஒரு பழைய பாவம் இருக்கிறது. ஒரு தலைமுறை நீச்சல் வீரர்களுக்கு ஃப்ரீஸ்டைலில் கட்டைவிரல் முதலில் தண்ணீரைத் தொட வேண்டும், உள்ளங்கை வெளிப்பக்கம் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். கையைத் தூக்கிய நிலையில் அப்படித் திருப்பினால் தோள் மூட்டு உள்பக்கமாக முறுகும், தசைநாண் எலும்புகளுக்கிடையே நசுங்கும். நெடுநாள் போட்டிக்குப் பயின்றவர் வருடத்துக்குப் பல லட்சம் முறை கை வீசுகிறார், அத்தனை முறையும் அதே நசுங்கல். இளம் வயதில் தாங்கியது இப்போது தாங்காது. கையை உள்ளே விடும்போது விரல் நுனிகள் முதலில், உள்ளங்கை கீழே பார்த்தபடி, தோளுக்கு நேராக. தலைக்கு முன்னால் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது பாதி உயரத்தில் சுருக்கென்று பிடிக்கிறதா, அந்தப் பக்கம் படுத்தால் இரவில் தூக்கம் கெடுகிறதா? அப்படியானால் நீச்சலை நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். வலியோடு நீந்தி வலியைப் போக்கியவர் கிடையாது. நீந்தாத நாட்களில் ரப்பர் பட்டையைக் கதவில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பும் பயிற்சி: 12 முதல் 15 முறை, மூன்று சுற்று. பட்டையை இரு கையாலும் பின்னுக்கு இழுத்து தோள்பட்டை எலும்புகளைச் சேர்ப்பதும் அதே கணக்கு.

தரையில் எடை தூக்குவதை நீச்சல்காரர்கள் அலட்சியம் செய்வார்கள். செய்யக் கூடாது. தண்ணீர் உடல் எடையைத் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு வேலையே கிடைப்பதில்லை. நீச்சல் மட்டுமே தெரிந்த உடம்பு ஐம்பதுக்கு மேல், முக்கியமாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, அந்தக் குறையைக் காட்டும். வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதல், எடையைத் தரையிலிருந்து தூக்குதல், வேக நடை.

மூச்சை அடக்கி நீருக்கடியில் போவது தனி விஷயம். பழைய பயிற்சியில் மூச்சில்லாமல் 25 மீட்டர், 50 மீட்டர் போனவர்கள் அதைத் தனியாகச் செய்து பார்க்கிறார்கள். இறங்குமுன் வேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு இறங்கிவிடும். மூச்சு விடச் சொல்லி உடம்பு உந்துவது அதை வைத்துத்தான், ஆக்சிஜனை வைத்து அல்ல. உந்துதல் வருமுன்பே நினைவு போகும். முன்னறிவிப்பு இருக்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான் இப்படிச் சாகிறார்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை: செய்யாதீர்கள்.

போட்டி ஆசை விடவில்லை என்றால், பெரியவர்களுக்கு வயதுப் பிரிவு வாரியாக நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டிகள் இருக்கின்றன. 25 வயதிலிருந்து ஐந்தைந்து வருடப் பிரிவுகள். போட்டி நடக்கும் வருடத்தின் டிசம்பர் 31 அன்று என்ன வயதோ அதுதான் கணக்கு. ஐம்பது எப்போது ஆகும் என்று ஆவலோடு காத்திருக்கும் மனிதர்களை இங்கே மட்டும்தான் பார்க்கலாம், புதுப் பிரிவில் அவர்கள்தானே இளையவர்கள். விதிகளும் வயதுக்கு இடம் கொடுக்கின்றன: தொடக்க மேடையிலிருந்து (பிளாக்) குதிக்க வேண்டிய கட்டாயமில்லை, கரையிலிருந்தோ, தண்ணீருக்குள் நின்று சுவரைத் தள்ளியோ தொடங்கலாம். பட்டர்ஃப்ளையில் தவளை போல் உதைக்கும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் கிக் அடிக்கலாம். கழுத்தும் இடுப்பும் பிடித்துக்கொண்டவர்கள் தன்மானம் பார்க்காமல் இந்தச் சலுகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் மியெகோ நாகவோகா 2015இல், 100 வயதில், 1,500 மீட்டரை 1 மணி 15 நிமிடம் 54.39 விநாடியில் முடித்தார். முதுமையில்தான் அவர் நீச்சலுக்கே வந்தார். ஒப்பிட்டு வருந்த அவருக்கு இளமைக்கால நேரம் என்று ஒன்று இல்லை. முன்னாள் வீரர்கள் தங்களுக்குப் பழக்கமில்லாத பந்தயத்துக்குப் பெயர் கொடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். 100 பட்டர்ஃப்ளைக்காரர் 400 ஃப்ரீஸ்டைலுக்குப் போகட்டும், பேக்ஸ்ட்ரோக்காரர் கடலுக்குப் போகட்டும்.

இனி கோச்சுகள். முன்னாள் வீரர் நல்ல ஆசிரியர் ஆவார் என்பது எல்லா இடத்திலும் உள்ள நம்பிக்கை. ஆனால் நீச்சல் சாம்பியன் மைக்கேல் பெல்ப்ஸை உருவாக்கிய கோச் பாப் போமன் கல்லூரி அணியில் நீந்தியவர், ஒலிம்பிக்கில் நீந்தியவர் அல்ல. படித்தது வளர்ச்சி உளவியல். வேகமாக நீந்துவதும் சொல்லித் தருவதும் வேறு வேறு வேலை. சாம்பியன் நான்கைந்து வயதிலேயே மிதக்கக் கற்றிருப்பார், எப்படிக் கற்றோம் என்பது அவருக்கு நினைவே இருக்காது. அதனால்தான் தண்ணீருக்குப் பயந்த நாற்பது வயதுக்காரரிடம் போய் "ரிலாக்ஸ் பண்ணுங்க" என்கிறார். பயந்தவரிடம் அந்தச் சொல்லுக்கு ஒரு பயனும் கிடையாது.

பெரியவர்களுக்கு முதலில் சொல்லித் தர வேண்டியது மிதப்பது கூட அல்ல, மிதந்த நிலையிலிருந்து எழுந்து நிற்பது. மார்பளவுத் தண்ணீர், கவிழ்ந்து மிதக்கிறார். முழங்கால்களை வயிற்றை நோக்கி மடக்கச் சொல்லுங்கள், இரு கைகளையும் கீழ்நோக்கி அழுத்தச் சொல்லுங்கள், அதன் பிறகு தலையைத் தூக்கச் சொல்லுங்கள், பாதம் தானாகத் தரைக்கு வரும். வரிசை மாறித் தலையை முதலில் தூக்கினால் கால் பின்னால் நீண்டபடியே மூழ்கும், வாயில் தண்ணீர் போகும், அன்றைய வகுப்பு அத்தோடு சரி. எழுந்து நிற்க முடியும் என்பது உறுதியான பிறகுதான் பயந்தவர் உடம்பைத் தளர்த்துவார். அடுத்தது, தண்ணீருக்குள் மூச்சை விடுவது. பலர் உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தை வெளியே திருப்பிய அரை விநாடியில் விடுவதையும் இழுப்பதையும் சேர்த்துச் செய்யப் பார்க்கிறார்கள். நான்கு கைவீச்சில் மூச்சிரைக்கும். அதை உடற்தகுதிக் குறைவு என்று நினைத்துக்கொள்வார்கள்.

தண்ணீரின் சூட்டையும் சாம்பியன் கவனிப்பதில்லை. போட்டிக் குளம் 25 முதல் 28 டிகிரி, வேகமாக நீந்துகிறவருக்கு அது சுகம். நின்று நின்று பழகுகிறவருக்கு இருபது நிமிடத்தில் உதடு நடுங்கும், தசை இறுகும், இறுகிய உடம்பு மிதக்காது. 30 டிகிரியை ஒட்டிய தண்ணீர், அரை மணி நேரம், ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருத்தம். கால் உதைத்தும் முன்னேறாதவருக்குப் பெரும்பாலும் கணுக்கால் விறைப்புதான் காரணம், சைக்கிள் மிதிப்பது போல் முழங்காலை மடக்குவார். பாதத்தில் துடுப்பு போல் மாட்டும் குட்டை ஃபின் மாட்டிவிட்டால் கால் தானே நீளும்.

நெடுநாள் கோச்சுகளின் உடம்பும் தேய்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. உட்புறக் குளத்தில் குளோரின், வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து டிரைகுளோரமின் வாயு ஆகிறது. கண்ணெரிச்சலும் இருமலும் அதனால்தான். "குளத்து வாசனை" என்று நாம் சொல்வது சுத்தத்தின் அறிகுறி அல்ல. குளிக்காமல் யாரையும் இறக்காதீர்கள், காற்றோட்டம் இல்லாத குளத்தில் வேலைக்குச் சேராதீர்கள். எதிரொலிக்கும் மண்டபத்தில் கத்திக் கத்திக் குரல்நாணில் முடிச்சு விழும். லேனின் முனைக்கு நடந்து போய், நின்றவரிடம் பேசுங்கள், நீந்துகிறவருக்கு எப்படியும் கேட்காது.

முன்னாள் சாம்பியனை வேலைக்கு எடுப்பவர்களுக்கு ஒரு யோசனை. பதக்கப் படத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். தண்ணீருக்குப் பயந்த பெரியவர் ஒருவரோடு அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். அவர் தண்ணீருக்குள் இறங்கி நிற்கிறாரா, கரையிலிருந்தே கை காட்டுகிறாரா? எழுந்து நிற்பதை முதலில் சொல்லித் தருகிறாரா, நேரே கிக் போர்டைக் கையில் திணிக்கிறாரா? இரண்டாவது ரகம் என்றால், ஆறு மாதம் ஒரு நல்ல ஆரம்பநிலை ஆசிரியருக்கு உதவியாளாகப் போடுங்கள். பதக்கம் வாங்கியவர் மறுத்தால், அவரை விட்டுவிட்டு அந்த ஆசிரியரையே எடுத்துக்கொள்ளுங்கள்.