30 ஆம்பியர் ஃப்யூஸ் தீர்வல்ல

"காரின் ஃபாக் லேம்ப் (பனிமூட்ட விளக்கு) ஃப்யூஸ் அடிக்கடி போனால் 15-ஐக் கழற்றிவிட்டு 30 ஆம்பியர் போடுங்கள்" என்று சிலர் சொல்வது ஆபத்து. ஃப்யூஸ் காப்பது வயரை, லைட்டை அல்ல. 55 வாட் பல்பு இரண்டும் சேர்ந்து 12 வோல்ட்டில் இழுப்பது சுமார் 9 ஆம்பியர்தான். 15 போகிறதென்றால் பெரும்பாலும் எங்கோ ஷார்ட் (வயர் உரசி, வண்டியின் பாடியில் தொடுவது). அதில் 30 போட்டால் ஃப்யூஸுக்குப் பதில் வயர் எரியும்.

லைட்டைப் போடாமலே ஃப்யூஸ் போகிறதா? கோளாறு ஃப்யூஸுக்கும், ரிலேயில் (ஸ்விட்ச் போட்டதும் லைட்டுக்கு கரண்ட்டைத் திறந்துவிடும் பாகம்) 30 என்று எண் போட்ட, கரண்ட் உள்ளே வரும் பின்னுக்கும் இடையில். போட்டதும் போனால், ரிலேயையும் இரண்டு பல்பு கனெக்டர்களையும் கழற்றிவிட்டு, ரிலேயின் 87 என்ற பின்னிலிருந்து லைட்டுக்குப் போகும் வயருக்கும் பாடிக்கும் இடையே மல்டிமீட்டரில் கன்டினியூட்டி பாருங்கள்; பீப் அடித்தால் அந்த வயர் பாடியில் தொடுகிறது. (பல்பு மாட்டியிருந்தால் குளிர்ந்த ஃபிலமென்ட்டே ஷார்ட் மாதிரி பீப் அடிக்கும்.) வயரை அசைத்துக்கொண்டே பார்ப்பது முக்கியம், பம்பர் பிராக்கெட்டில் உரசிய இடம் அப்போதுதான் சிக்கும்.